பொதுமை கெடாமல் நாகவல்லி என்க

எனக்குக் கணக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து என்னைக் குடையக் கூடாது. நான் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பெயர் சந்திரலேகா. நாகவல்லி அதே கல்லூரியில் கணிதத் துறை. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். மதியம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பெட்டியைத் திறந்தோம், அன்றிலிருந்து வாடி போடிதான். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவளுடைய கணக்கையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. என் தலையெழுத்து.

நாகவல்லிக்குக் குன்றக்குடிக்கு அங்குட்டு ஒரு கிராமம். விவசாயக் குடும்பம். அந்த வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறியவள் அவள் ஒருத்திதான். ஒல்லியான உடம்பு, வாய் மட்டும் கனம். சேலைத் தலைப்பில் எப்போதும் சாக்பீஸ் தூள். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் அந்தத் தூள் அவளோடு வந்து உட்காரும். ஒரு விஷயம் சரியில்லை என்று பட்டுவிட்டால் முதல்வர் ஆனாலும் விட மாட்டாள், ஆனால் தப்பு தன்னுடையது என்று தெரிந்தால் அதைவிட வேகமாக ஒப்புக்கொள்வாள். அந்த இரண்டாவது குணம்தான் அவளை இத்தனை காலம் என்னோடு ஒட்டவைத்தது. எனக்கு அது சுத்தமாகக் கிடையாது.

எங்கள் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிறவர்கள். முதல் ஆண்டில் ஆங்கிலத்தில் கணக்குப் புத்தகத்தைப் பிரித்ததும் மிரண்டுபோவார்கள். கணக்கு வரும், அதைச் சுற்றி நிற்கும் ஆங்கிலம் வராது. அவர்களுக்காக ஒரு சின்னக் கலைச்சொல் கையேடு போடலாம் என்று நாகவல்லி கிளம்பினாள். ஆங்கிலச் சொல், அதற்குத் தமிழ், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று நாலு வரி, ஒரு எடுத்துக்காட்டு. தமிழ்ச் சொல்லுக்கு என்னைப் பிடித்துக்கொண்டாள். போன வருடம் முழுக்க மதியச் சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை.

ஒருநாள் ஒரு தாளை நீட்டினாள். 'வித்தவுட் லாஸ் ஆஃப் ஜெனராலிட்டி' என்று இருந்தது.

"இதுக்கு ஒரு தமிழ் சொல்லு."

"பொதுமை கெடாமல்" என்றேன். வாயில் இருந்த சோற்றை விழுங்கக்கூட இல்லை.

"சொல்லு நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை எங்க போடணும், எங்க போடக் கூடாதுன்னு பிள்ளைகளுக்குத் தெரியணும்ல. கண்ட இடத்துல எழுதிட்டு வந்து நிக்குதுக."

"முதல்ல எனக்குத் தெரியணும். என்னதான் அது?"

அவள் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது, இனிமேல் எனக்குச் சோறு கிடையாது.

"ரெண்டு வெவ்வேறு எண் இருக்குன்னு வச்சுக்க. ஒண்ணு ஏ, ஒண்ணு பி. ரெண்டுல ஒண்ணு பெருசாத்தான் இருந்தாகணும். எதுன்னு நமக்குத் தெரியாது. 'பொதுமை கெடாமல் ஏ பெரிது என்க'ன்னு எழுதிட்டு மேல போயிருவோம்."

"அதெப்படிடி? பி பெருசா இருந்தா?"

"இருந்துட்டுப் போகுது. பேரை மாத்திக்க. பெருசா இருக்கிறதை 'ஏ'ன்னு கூப்பிடு. நீ எழுதினதுல ஒரு வரி மாறாது. அதனால ரெண்டு பக்கத்தையும் பாக்க வேண்டியதில்லை, ஒண்ணைப் பாத்தாப் போதும். மாத்திப் போட்டாலும் அப்படியே நிக்கணும், அதான் சோதனை. நின்னா இந்த வார்த்தையைச் சொல்லலாம். நிக்கலைன்னா சொல்லப்படாது."

"சரி, சொல்லப்படாத இடத்துக்கு ஒண்ணு சொல்லு."

"பஸ்ல ரெண்டு பேரு உக்கார்ற சீட்டு. ஜன்னல் ஓரம் நீ, இங்குட்டு நான். மாத்திக்கிட்டா ஒண்ணா?"

"நான் மாத்திக்கவே விட மாட்டேனே."

"அதான். அங்க போயி இதைச் சொல்லக் கூடாது."

இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல வெள்ளைக்காரனுக்கு நாலு வார்த்தை, நமக்கு இரண்டு. ஆனால் பிள்ளைகள் இதைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. எந்த முக்கோணத்துக்கும் பொருந்துகிற ஒன்றை நிரூபிக்கச் சொன்னால், 'பொதுமை கெடாமல் இது செங்கோண முக்கோணம் என்க' என்று ஒருவன் எழுதிவைத்துவிட்டான். செங்கோணம் என்றால் அவனுக்கு வேலை சுலபம். நாகவல்லி அவனை நிற்கவைத்து, "உலகத்துல இருக்கிற அத்தனை முக்கோணத்துக்கும் இந்த ஒண்ணு வக்காலத்து வாங்குமா? உனக்கு வசதியா இருக்கிறதை எடுத்துக்கிட்டு எல்லாம் ஒண்ணுதான்னு சொல்றியே, அதுக்குப் பேரு கணக்கு இல்லப்பா, களவு" என்று பிடித்துக்கொண்டாள். அடுத்த அறையில் நான் சங்க இலக்கியம் நடத்திக்கொண்டிருந்தேன். எனக்கே நடுக்கமாக இருந்தது.

இந்தச் சொல்லை நடத்தும்போதெல்லாம் அவள் வகுப்பில் சொல்கிற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஒவ்வொரு வருடமும் சொல்வாள். மேலே படிக்கிற பிள்ளைகள் புதிதாக வந்த பிள்ளைகளிடம், "அந்த அக்கா தங்கச்சி கதையைச் சொல்லச் சொல்லுங்க" என்று ஏற்றிவிடுவார்கள். அவளுடைய சொந்தக் கதைதான்.

நாகவல்லிக்கு ஒரு அக்கா, செந்தாமரை. அக்கா என்றால் அரைமணி நேரத்துக்கு அக்கா. இரட்டைப் பிள்ளைகள். ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் படித்து, இருவரும் பன்னிரண்டாம் வகுப்பு தேறினார்கள். கணக்கில் அக்காவுக்குத்தான் மதிப்பெண் கூட. அந்த வருடம் அவர்களைப் பெற்ற ஆத்தா கண்மாய்க்கரையில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருந்தார். வீட்டுக்கு ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். ஒருத்தி படிக்கப் போகலாம், ஒருத்தி இருந்தாக வேண்டும். அவர்களுடைய அய்யா பெரியகருப்பன், யார் போவது என்று தன் வாயால் சொல்லவில்லை. "எனக்கு ரெண்டு கண்ணும் ஒண்ணுதான். அய்யனாருக்கிட்ட விட்டுருவோம்" என்று சொல்லி இருவரையும் கண்மாய்க்கரை அய்யனார் கோயிலுக்குக் கூட்டிப்போனார்.

எங்கள் பக்கத்தில் முடிவெடுக்க முடியாததைப் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். பூவரச இலையில் மடித்து, வாழைநாரால் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பது. அய்யாவே கட்டி, சின்னவளை எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தால் எடுத்தவளுக்குப் படிப்பு, சிவப்பு வந்தால் மற்றவளுக்கு. நாகவல்லி எடுத்தாள். வெள்ளை.

"இன்னொண்ணைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை, அதுல சிவப்புத்தான இருக்கும்" என்று வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு கரும்பலகையில் எழுதுவாள்: 'இரு மகள்கள். ஒருத்திக்குப் படிப்பு. பொதுமை கெடாமல் நாகவல்லி என்க.' எழுதிவிட்டுத் திரும்பி, "எங்க அய்யாவுக்கு நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான். பேரை மாத்திப் போட்டாலும் அவருக்குக் கணக்கு ஒண்ணுதான். பூ என் பக்கம் விழுந்துச்சு, நான் இங்க நிக்கிறேன். அக்கா பக்கம் விழுந்திருந்தா அக்கா நின்னிருக்கும்" என்பாள். அவளுடைய மொத்த வாழ்க்கையும் அந்த ஒரு வரியில் சாய்ந்துதான் நின்றது. அக்காவின் இடத்தைப் பறித்துக்கொண்டோம் என்று அவள் ராத்திரியில் விழித்துக் கிடக்காமல் இருந்ததற்கு அந்தப் பூதான் காரணம். யாரும் யாரையும் ஒதுக்கவில்லை, விழுந்தது விழுந்துவிட்டது.

செந்தாமரை ஊரிலேயே இருந்தார். மாமன் மகன் தங்கச்சாமியைக் கட்டிக்கொண்டு அதே வீட்டில் ஆத்தாவைப் பார்த்தார், அய்யாவுக்குப் பிறகு வயலைப் பார்த்தார். குடும்பத்துக்கு இரண்டு வயல். ஒன்று கண்மாய் மடைக்கு நேர் கீழே இருப்பது, மடைவயல் என்பார்கள். மடையைத் திறந்தால் முதல் தண்ணீர் அதற்குத்தான். இன்னொன்று வாய்க்காலின் கடைசியில், கடைவயல். கண்மாய் நிறைந்த வருடத்தில் அதிலும் நெல் வரும். மற்ற வருடங்களில் கருவேல முள்தான். ஒரு காலத்தில் மடைவயல் முழுக்கக் களர். வண்டி வண்டியாகக் கரம்பை மண்ணும் எருவும் அடித்து அதை மண்ணாக்கியது செந்தாமரை. அந்த வயலில் இறங்கினால் அவருடைய நடையே வேறு. நான் பார்த்திருக்கிறேன்.

ஆத்தா போன வருடம் மாசியில் இறந்துபோனார். சாகும் முன் இரண்டு மகள்களையும் உட்காரவைத்து, "ஆளுக்கு ஒரு வயலை எடுத்துக்கங்க. சண்டை போடாதீக" என்று சொல்லிவிட்டார். இந்த வருடம் தலைத்திவசம் முடிந்ததும் பேச்சு எழுந்தது.

நாகவல்லி எல்லாவற்றையும் அக்காவுக்கே எழுதிக்கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். அவளுக்கு வயல் எதற்கு, வரப்பில் நேராக நடக்கக்கூடத் தெரியாது. செந்தாமரை சம்மதிக்கவே இல்லை.

"ஆத்தா ஆளுக்கு ஒண்ணுன்னுச்சு. நீ குடுத்து நான் வாங்க மாட்டேன் நாகு."

"அப்ப மடைவயலை நீ எடுத்துக்க. நீ உண்டாக்கினது."

"நானா எடுத்தா நாளைக்கு உன் மகன் கேப்பான், பெரியம்மா நல்லதை அமுக்கிருச்சுன்னு. அய்யனாரு முன்னால பூப்போட்டுப் பாத்துருவம். அன்னைக்கு அய்யா செஞ்ச மாதிரி. வந்தது வந்ததுதான், பெறகு மாத்தக் கூடாது."

அதில் பிடிவாதமாக நின்றுவிட்டார். நாகவல்லி என்னிடம் வந்து புலம்பினாள். கடைவயல் விழுந்தால் அக்கா அதை வைத்துக்கொண்டு முள்ளை வெட்டிக்கொண்டு கிடக்கும், மடைவயலை அதன் பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் வாங்காது, குத்தகைக்குக்கூடப் பார்க்காது, அந்த ரோஷம் தனக்குத் தெரியும் என்றாள். பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்த வயலை இழந்தால் அக்கா ஒரு வருடத்தில் படுத்துவிடும் என்றாள்.

மூன்றாம் நாள் மதியம் டிபன் பெட்டியைத் திறக்காமலே சொன்னாள்.

"சந்திரா, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே வச்சுருவோம்."

"என்னடி சொல்ற?"

"அக்காவை எடுக்கச் சொல்லுவோம். வெள்ளை வந்தா எடுத்தவளுக்கு மடைவயல். எதை எடுத்தாலும் வெள்ளைதான். பங்கு இல்லாத ஆளுதான் பொட்டலம் கட்டணும், அதான் முறை. நீ கட்டு. அக்கா எடுத்ததும் இன்னொண்ணை நீ எடுத்துக் கண்மாய்ல வீசிரு."

"அய்யனாரு கண்ணைப் பிடுங்கிருவாரு. உன்னை இல்ல, என்னை."

"ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான்டி பூப்போடணும். எது யாருக்கு விழுந்தாலும் நட்டமில்லைன்னா அவருக்கிட்ட விடலாம். இங்க ரெண்டு வயலும் ஒண்ணா? நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா? அந்த மண்ணுல அதோட முதுகெலும்பு கெடக்கு, என்னது ஒரு மயிருகூட இல்லை. மாத்திப் போட்டா நிக்காத கணக்கைப் போயி சாமி தலையில கட்டுறது தப்பு. நான் ஏமாத்தலை. தப்பாப் போட்ட கணக்கைத் திருத்துறேன்."

கல்லூரி ஆசிரியை அப்படிப் பேசினாள் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம், அவளுக்குக் கோபம் வந்தால் ஊர்ப்பேச்சு வந்துவிடும். அவள் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. இன்றும் சரியாகத்தான் படுகிறது, அதுதான் என்னைப் போட்டு அரிக்கிறது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். கண்மாயில் தண்ணீர் கால்வாசிதான். கோயில் என்றால் கூரை எல்லாம் இல்லை. அய்யனார், முன்னால் இரண்டு மண்குதிரை, ஒரு பீடம். பூசாரி பெத்தன் கற்பூரத்தோடு நின்றார். செந்தாமரை குளித்து ஈரத்தலையோடு வந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க டீச்சர். இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக, மோரு குடிச்சீகளா" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பொட்டலங்களை நான் வீட்டிலேயே கட்டிக்கொண்டு வந்திருந்தேன், கைப்பையில் கனத்தன.

பெத்தன் அவற்றை வாங்கித் தட்டில் போட்டுக் குலுக்கி, பீடத்தில் வைத்தார். நாகவல்லி விதியைச் சொன்னாள். "அக்கா, நீ எடு. வெள்ளை வந்தா எடுத்தவளுக்கு மடைவயல். சிவப்பு வந்தா கடைவயல்."

செந்தாமரை தங்கையை ஏறிட்டுப் பார்த்தார். "நான் எடுக்கணுமா?" என்றார்.

"ஆமா. அன்னைக்கு நான் எடுத்தேன்ல. இன்னைக்கு நீ."

அவர் கும்பிட்டார். ஒரு பொட்டலத்தை எடுத்தார். நாரை அவிழ்த்து இலையைப் பிரித்தார். வெள்ளை அரளி, கொஞ்சம் வாடியிருந்தது. நாகவல்லி மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. பெத்தன், "அய்யனாரு கண்ணைத் தொறந்துட்டாரு தாயி" என்று சொல்லிவிட்டுத் திருநீற்றுத் தட்டை எடுக்கக் குதிரைக்குப் பின்னால் போனார்.

நான் இரண்டாவது பொட்டலத்துக்குக் கையை நீட்டினேன். அதற்குள் செந்தாமரை எடுத்துவிட்டார். பறிக்கவில்லை, அவசரப்படவும் இல்லை, அது தன்னுடையது என்பது போல எடுத்தார். ஊரெல்லாம் மேடைபோட்டுப் பேசுகிறவள் நான், கையை நீட்டியபடியே நின்றேன். அவர் நாரை அவிழ்த்தார்.

வெள்ளை.

இரண்டு பூவையும் ஒரே உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். நாகவல்லி ஓரடி முன்னால் வந்தாள். "அக்கா, நான்…" என்று ஆரம்பித்தாள்.

"அன்னைக்கும் ரெண்டும் வெள்ளைதான் நாகு" என்றார் செந்தாமரை.

நாகவல்லிக்கு முதலில் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது.

"எந்த அன்னைக்கு?"

"நீ எடுத்த அன்னைக்கு. நீயும் அய்யாவும் முன்னால போயிட்டீக. நான் பீடத்தைக் கூட்டி விட்டுட்டு வாரேன்னு நின்னேன். பொட்டலம் அங்கனயே கெடந்துச்சு. சிவப்பு எனக்குன்னு ஆயிருச்சே, அதைத் தலையில வச்சுக்குவம்னு பிரிச்சேன்."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் அழுகை இல்லை. பழகிப்போன ஒன்றைச் சொல்வது போலச் சொன்னார்.

நாகவல்லி பீடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அய்யாக்கிட்ட கேட்டியாக்கா?"

"கேட்டேன். ஏன்யா ரெண்டும் வெள்ளைன்னேன். மம்பட்டியை எடுத்துக்கிட்டு மடைக்குப் போனாரு. பின்னாலயே நானும் போனேன். அன்னைக்குத்தான் மடை தொறக்க எனக்குச் சொல்லிக்குடுத்தாரு. வேற ஒண்ணும் சொல்லலை."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ போயிருக்க மாட்ட. ரெண்டு பேருமே வீட்டுல உக்காந்திருப்பம்." பூவில் ஒட்டியிருந்த நாரை எடுத்துப்போட்டார். "அதுவும் இல்லாம, நீ அழுவ. நான் அழ மாட்டேன்னு அவருக்குத் தெரியும். அதை வச்சுத்தான் அவரு பூக்கட்டிருப்பாருன்னு நான் நெனச்சுக்கிட்டேன். இவ தாங்குவா, இவ இருக்கட்டும்னு."

பெத்தன் திருநீற்றோடு வந்தார். செந்தாமரை இரண்டு பூவையும் சேர்த்துத் தலையில் செருகிக்கொண்டார், வாங்கிப் பூசிக்கொண்டார், எங்களுக்கும் பூசிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கதான் கட்டினீகளா டீச்சர்? முடிச்சுப் பாத்தாலே தெரியுது, ரெட்டை முடிச்சு. நாரு கட்டுறவுக அப்படிப் போட மாட்டாக" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கரையை விட்டு இறங்கும்போது நாகவல்லி அவர் கையைப் பிடித்தாள். "பூவை மாத்திக் கட்டி இன்னொரு தடவை சரியாப் போடுவமாக்கா? நீ சொன்னாப் போடுறேன்."

"வேணாம். மடைவயலு எனக்கு வேணும். அதை நான் எடுத்துக்கிறேன். அன்னைக்கு அவரு செஞ்சதை ஏத்துக்கிட்டேன், இன்னைக்கு நீ செஞ்சதையும் ஏத்துக்கிறேன்." கையை விடுவித்துக்கொள்ளவில்லை, ஆனால் தங்கை முகத்தைப் பார்க்காமல் வயலைப் பார்த்துச் சொன்னார். "அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சுன்னு மட்டும் நெனச்சுக்கிறாத."

காரைக்குடி பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. நாகவல்லி டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு வந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. செத்துப்போன மனுஷரைப் பேசக் கூடாது என்பார்கள், நான் பேசினேன். பெற்ற பிள்ளையைச் சாமி பெயரைச் சொல்லி ஏமாற்றிய ஆள், தன் வாயால் சொல்லத் தைரியம் இல்லாமல் பூவைச் சொல்லவைத்த ஆள், அவருக்கெல்லாம் வீட்டில் படம் மாட்டி மாலை போடுகிறாயே என்று கேட்டேன். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"நான் செஞ்சதும் அதுதான சந்திரா" என்றாள்.

"நீ நல்லதுக்குச் செஞ்ச."

"அவரும் நல்லதுன்னுதான் நெனச்சிருப்பாரு. இது ரெண்டும் ஒண்ணில்லைன்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டு, வெளிய வந்து ஒண்ணுதான்னு சொல்லிப் பூக்கட்டுனாரு. நானும் அப்படியேதான் செஞ்சேன். நேராச் சொல்லியிருக்கணும் அக்காக்கிட்ட. வயலு உன்னது, பூவும் கீவும் வேணாம்னு உக்காந்து சண்டை போட்டிருக்கணும். சண்டை போடப் பயந்துக்கிட்டுப் பொட்டலம் கட்டினேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "இத்தனை வருஷமும் அந்தப் பூ எனக்கு விழுந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். விழலை. போட்டிருக்காக" என்றாள். இறங்குகிற வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கையேடு அந்தக் கோடையில் அச்சுக்குப் போனது. 'பொதுமை கெடாமல்' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு எண்களின் எடுத்துக்காட்டும், பஸ் சீட்டும், அந்தச் செங்கோண முக்கோணமும் இருந்தன. அக்கா தங்கச்சி எடுத்துக்காட்டை அவள் அடித்துவிட்டாள். அடிப்பதற்கு முன் என்னைக் கேட்கவில்லை.

கல்லூரி திறந்து சில வாரம் கழித்து, நான் பக்கத்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவள் வகுப்பில் அந்தச் சொல்லை நடத்திக்கொண்டிருப்பது கேட்டது. ஒரு பெண் எழுந்து, "மேடம், அக்கா தங்கச்சி கதை சொல்லுவீகளாமே, சீனியர்லாம் சொன்னாக" என்றாள். வகுப்பே சிரித்தது. நான் தாழ்வாரத்தில் நின்றுவிட்டேன்.

நாகவல்லி சாக்பீஸை எடுத்தாள். திரும்பிக் கரும்பலகையில் அந்த வரியை எழுதினாள். 'இரு மகள்கள். ஒருத்திக்குப் படிப்பு. பொதுமை கெடாமல் நாகவல்லி என்க.' எப்போதும் எழுதுகிற அதே எழுத்து, அதே சாய்வு.

"இது தப்பான எடுத்துக்காட்டு" என்றாள். "நிறைய வருஷம் சொல்லிட்டேன். எழுதிக்கிட்டவுகள்லாம் எங்கெங்கயோ போயிட்டாக, உங்ககிட்டயாவது சொல்றேன்."

"ஏன் மேடம் தப்பு?"

"சோதனை என்ன?"

"மாத்திப் போட்டுப் பாக்கணும்" என்று நாலைந்து பேர் சொன்னார்கள்.

"மாத்திப் போட்டுப் பாத்தேன்." சாக்பீஸை இடது கைக்கு மாற்றினாள். தன் பெயரை உள்ளங்கையாலேயே துடைத்தாள், அந்த இடத்தில் 'செந்தாமரை' என்று எழுதினாள். எழுதிவிட்டு அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "எங்க அக்கா பேரு. கணக்குல என்னைவிட மார்க்கு கூட. இதை எழுதின பெறகு எனக்கு வேலை நிக்கலை, என் வீடு நிக்கலை, இந்த வகுப்புல நானே நிக்கலை."

பிள்ளைகள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். மணி அடித்தது. அவள் அந்தப் பெயரை அழிக்காமலே வெளியே வந்தாள்.